குடிநோய்: உங்கள் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

மதுரை வாசகி: என் கணவரின் குடியை நிறுத்த, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி ஒரு பொடி விற்கிறார்கள். கொடுக்கலாமா டாக்டர்?

வேண்டாம்மா. அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்தால், அதன் மேல் அவர் குடிக்கும்போது முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதே மருந்தை நாங்களும் தருகிறோம். ஆனால் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, குடித்தால் என்ன ஆகும் என்று விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகுதான். சர்க்கரை நோயாளிக்கு யாராவது திருட்டுத்தனமாக மாத்திரை கொடுப்பார்களா? இவரும் நோயாளிதான்.

சேலம் வாசகர்: அண்ணன் தினமும் குடிக்கிறார். நாலு நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா.

தயவுசெய்து செய்யாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்களில் உடல் வியர்த்து நடுங்கும், ஆள் அடையாளம் தெரியாது, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும். இதற்கு டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போவதில் கழியும் நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். மருத்துவமனையில் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்து, பிறகு அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைப்போம், வைட்டமின் பி1 ஊசி போடுவோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அப்பாவையும் உடன் அழைத்துப் போனால் நல்லது.

திருச்சி வாசகி: சிகிச்சை முடிந்து வந்த பிறகும் மகன் குடித்துவிட்டான். மன உறுதி இல்லாதவனுக்கு மருந்து எதற்கு?

குடிக்கும் வேட்கை மூளையில் பதிந்துபோன ஒன்று. அதைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. மறுபடி குடித்ததை வைத்து அவரைத் திட்டாமல், அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்: தூக்கம் வரவில்லையா, கூலி வாங்கிய நாளா, மாத்திரை தீர்ந்துவிட்டதா? அந்தப் பதிலோடு வாருங்கள். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

கோவை வாசகர்: வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது சார்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்றே சொல்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நேரில் போகத் தயக்கமா? 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பெயர் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதையும் அவர்களிடமே சொல்லுங்கள்.