மெக்கானிக் பதில்கள்: கத்துகிற பெல்ட்

கேள்வி: 2011 மாடல் சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 84,000 கி.மீ. ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் பானெட்டுக்குள் ‘வீல்’ என்று கத்துகிறது. ஏசி போட்டால் இன்னொரு கத்தல். ஒரு மெக்கானிக் பெல்ட்டில் சோப்பைத் தேய்த்துவிட்டார், ஒரு வாரம் அமைதி. இன்னொருவர் டைனமோவையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா ஐயா?
– வாசகர், காரைக்குடி

டைனமோவில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். (இப்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இருப்பது ஆல்டர்நேட்டர்தான். ஆனால் எங்கள் ஷெட்டில் இன்னும் டைனமோ, ஃபேன் பெல்ட் என்றுதான் பேச்சு. ரேடியேட்டர் ஃபேன் மோட்டாருக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆயிற்று, அம்பாசடர் காலத்து வாய் மாறவில்லை.)

ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி நிறைய கரண்டை இழக்கிறது. அதை ஈடுகட்ட ஆல்டர்நேட்டர் கொஞ்ச நேரம் கூடுதலாக உழைக்கும், பெல்ட் ஓடும் அதன் சக்கரத்தை, அதாவது புல்லியை, சுற்றுவது கனமாக இருக்கும். பனியில் ஈரமாகி விறைத்த பெல்ட், பிடி போதாமல் வழுக்கும். வழுக்கும்போது வருவதுதான் அந்தக் கத்தல். ஏசி போட்டால் கம்ப்ரஸரின் பாரம் ஏறுகிறது. பாரம் ஏறும்போதெல்லாம் கத்துகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்க வேண்டும், இல்லை தேய்ந்திருக்க வேண்டும். சில கார்களில் ஏசிக்குத் தனி பெல்ட் உண்டு. அப்படியிருந்தால் இரண்டையும் பாருங்கள்.

நீங்களே சோதிக்கலாம். தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போடுங்கள். சத்தம் வரும் நேரத்தில், தள்ளி நின்று, பெல்ட்டின் காடி (நீளப் பள்ளம்) உள்ள பக்கத்தில் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் பெல்ட்டின் டென்ஷன், அதாவது இழுப்பு, போதவில்லை. சட்டென நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. எந்த மாற்றமும் இல்லாமல் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தால் பேரிங் மேல் சந்தேகம். ஆல்டர்நேட்டர் பேச்சை அப்போது எடுக்கலாம். வேட்டி நுனி, தோள் துண்டு எதுவும் எஞ்சின் பக்கம் தொங்கக் கூடாது.

அப்புறம் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பெல்ட்டைப் பாருங்கள். விரிசல் இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். இப்போது வரும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பெல்ட் பழைய பெல்ட் மாதிரி வெடிக்காது; டயர் தேய்கிற மாதிரி காடி தேய்ந்துகொண்டே போகும். பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கினாலும் அதன் ஆயுள் முடிந்தது. உங்களுடையது கம்பெனி போட்ட பெல்ட் என்றால், 84,000 கி.மீ.க்கு மாற்றிவிடுவதே நல்லது. டைனமோ விலையோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

மாற்றும்போது புல்லிக் காடிகளில் இறுகிக் கிடக்கும் சோப்பை பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவிட்டு மாட்டச் சொல்லுங்கள். சோப்பு, பவுடர், தேங்காய் எண்ணெய் எல்லாம் சத்தத்தைத்தான் அடக்கும், வழுக்கலை அல்ல. மேலே கூலன்ட் கசிந்து பெல்ட்டில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். சொட்டினால் புது பெல்ட்டும் கத்தும்.

போல்ட் வைத்து இழுக்கும் வகையென்றால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். சரியான அளவு காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் இழுக்கக் கூடாது. வேலை பழகிய புதிதில் ஒரு டாக்ஸி அம்பாசடருக்குக் கத்தலை நிறுத்துகிறேன் என்று கடப்பாரை போட்டு நெம்பி முறுக்கினேன். கத்தல் நின்றது. மூன்றாவது வாரம் டைனமோ பேரிங் போயிற்று. பேரிங் காசு என் சம்பளத்திலிருந்து.

கேள்வி: புது பெல்ட் போட்ட நான்காம் நாளே குருவி மாதிரி ‘கீச் கீச்’ என்கிறது. பெல்ட் மட்டமா?
– வாசகர், தூத்துக்குடி

பெல்ட்டைத் திட்டுவதற்கு முன் அதன் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். 4பிகே 850 என்றிருந்தால் நான்கு வரி, 850 மில்லிமீட்டர் நீளம். பழைய பெல்ட்டின் எண்ணும் இதுவும் ஒன்றுதானா? ஒன்றென்றால், ஏதாவது ஒரு புல்லியில் பெல்ட் ஒரு காடி தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அவசரத்தில் மாட்டினால் இது சாதாரணமாக நடக்கும். அதுவும் சரியென்றால் ஒரு இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள், கோணல் தெரிந்துவிடும். தானாக இழுக்கும் டென்ஷனர் உள்ள காரில் அதன் கை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் உண்டு. காடி மாறியதுதான் காரணமென்றால் மாட்டியவரிடமே போங்கள், பத்து நிமிட வேலை. ஆனால் பெல்ட் ஓரம் பிசிறடித்திருந்தால் அதையே திரும்ப மாட்ட விடாதீர்கள்.