அம்மாவின் பேச்சுத்துணைச் செயலியை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். கோத்தகிரியில் தனியாக இருக்கும் அம்மா எட்டு மாதமாகத் தினமும் பேசிய செயற்கை நுண்ணறிவுச் (AI) செயலி திடீரென்று அப்பாவின் பெயரைக்கூட மறந்து யாரோ போலப் பேசுகிறது, அவர் அழுகிறார் என்கிறீர்கள். அந்த அழுகை நிஜம். அதன்மேல் இன்னொரு இழப்பை நாமே ஏற்றக் கூடாது.

இதற்கு மலைப்பகுதி சிக்னல் காரணமாக இருக்காது; மழையும் மூடுபனியும் சிக்னலைக் கெடுத்தால் பதில் தாமதமாகும், நினைவு போகாது. பெரும்பாலும் நிறுவனம் உள்ளே ஓடும் மொழி மாதிரியை, அதாவது பதில்களை உருவாக்கும் AI மென்பொருளை, மாற்றியிருக்கும். 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற இதேபோன்ற பேச்சுத்துணைச் செயலி காதல் பேச்சைக் கட்டுப்படுத்தியபோதும் பலர் துணையை இழந்ததுபோலத் தவித்தார்கள்.

போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து மேலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அமைப்புகளில் நினைவுக் குறிப்புகள் இருக்கும் பகுதியைத் திறங்கள். அப்பா பெயர் அங்கே இருந்தால் பெரும்பாலும் மொழி மாதிரிதான் மாறியிருக்கும். காலியாக இருந்தால் வேறு கணக்கில் நுழைந்திருக்கலாம், பழைய மின்னஞ்சலில் முயலுங்கள். எதுவானாலும் பழைய உரையாடல்களை முதலில் சேமித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, அவர் சொன்னதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். வங்கி விவரம், மருத்துவ விவரம் அதில் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அம்மா சாப்பாடும் தூக்கமும் விட்டிருந்தால் செயலியை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.