கழுத்தை மடக்கிப் பார்த்தது போதும்

அலமாரியில் மிச்சம் இருக்கும் அந்த ஆன்டிபயாடிக் சிரப்பை முதலில் தூக்கிப் போடுங்கள். மகளின் வகுப்புத் தோழிக்கு மூளைக்காய்ச்சல் (மூளையைச் சுற்றிய உறையில் வரும் அழற்சி, மெனிஞ்சைட்டிஸ்) என்பதற்காக 'முன்னெச்சரிக்கையாக' அதைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. உண்மையிலேயே பாக்டீரியா தொற்று இருந்தால் இந்த அரைகுறை டோஸ் அதைக் குணப்படுத்தாது. பிறகு நாங்கள் முதுகுத்தண்டு நீரை எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க கல்ச்சர் வைக்கும்போது அது வளராமல் போகலாம். அப்போது எந்தக் கிருமி என்று தெரியாமலே வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

தோழிக்கு வந்தது மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவாக இருந்தால், நெருங்கிப் பழகியவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு. யாருக்கு, எதை என்று மருத்துவர் முடிவு செய்வார். வைரஸாக இருந்தால் அதுவும் தேவையில்லை.

உங்கள் மகளுக்கு ஒரு நாள் காய்ச்சல், தலைவலி, கழுத்து வலி. ஆனால் பாராசிட்டமால் கொடுத்ததும் எழுந்து விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி இதுதான். எந்தக் காய்ச்சலிலும் தலை வலிக்கும். தொண்டைப் புண்ணுக்கும் நெறி கட்டி கழுத்து வலிக்கும். கழுத்து விறைப்பது இந்த நோயின் அடையாளம் என்று இணையத்தில் படித்துவிட்டு அரை மணிக்கொரு தரம் தாடையை நெஞ்சில் தொட வைத்தால், நல்ல குழந்தைக்கே கழுத்து பிடித்துக்கொள்ளும்! இருந்தாலும் தோழிக்கு இந்த நோய் என்பதால், இன்றே ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது கழுத்தை அல்ல, தெளிவை. காய்ச்சல் இறங்கிய பிறகும் குழந்தை தெளியாமல் இருந்தால், அதுதான் ஆபத்து. எழுப்பினால் கண் திறந்து உடனே சொக்கிப்போவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுவது, உங்களையே யாரோ போல வெறிப்பது. இதோடு விடாத வாந்தி, வலிப்பு, வெளிச்சத்துக்குக் கண் கூசுவது எதுவும் சேர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள். பாக்டீரியாவால் வந்ததென்றால் சில மணி நேரத் தாமதம்கூட உயிரையோ கேட்கும் திறனையோ பறித்துவிடக்கூடும். அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் தோன்றினாலும் அப்படியே. ஆனால் புள்ளி இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம், பலருக்கு அது வருவதே இல்லை. கைக்குழந்தைகளுக்கோ கழுத்து விறைக்காமலே இருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, கீச்சென்ற அழுகை, புடைத்த உச்சிக்குழி இவைதான் அடையாளம்.

அப்புறம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசி, தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் இறங்குகிறது. சில நாள் தலைவலியோ முதுகுவலியோ இருக்கலாம், பெரும்பாலும் அவ்வளவே. இந்தப் பயத்தில் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட மறுத்து நேரத்தைக் கடத்தும் பெற்றோரைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. நீர் எடுக்கத் தாமதமாகும் என்றால்கூட, நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுவோம். காது கேட்கும் திறன் போகாமலிருக்கப் பல நேரம் முதல் டோஸோடு ஸ்டீராய்டும் தருவோம். கிருமியைப் பொறுத்து ஒன்று, இரண்டு வாரமோ இன்னும் சில நாட்களோ ஊசி தொடரும். வைரஸ் வகை பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும். காசநோயால் வருவது வாரக்கணக்கில் மெல்ல ஏறும், அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் மாத்திரை.

டாக்டரிடம் போகும்போது மகளின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். சில வகை மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் நியூமோகாக்கல், மெனிங்கோகாக்கல் ஊசிகள் விட்டுப்போயிருந்தால் காய்ச்சல் போன பிறகு போட வேண்டுமா என்று கேளுங்கள்.