எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுத்தால் நிஜமாகவே வரிசையில் நிற்க வேண்டாமா?

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மே மாத லீவில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பியிடம் குடும்பத்தோடு போகிறார்கள். அவர், கணவர், 11 வயது மகன் (உயரம் 138 செ.மீ.), 5 வயது மகள் (105 செ.மீ.), முட்டுவலியுள்ள உம்மா, அங்கே தம்பி, ஆக மொத்தம் ஆறு பேர். செந்தோசா தீவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். "நுழைவு டிக்கெட்டுக்கு மேலே எக்ஸ்பிரஸ் என்று இன்னொரு டிக்கெட் விற்கிறார்கள். ஆறு பேருக்கும் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. அதை வாங்கினால் உண்மையிலேயே சீக்கிரம் ஏறலாமா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா? தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு" என்பது கேள்வி.

சகோதரி, சீக்கிரம் ஏறலாம், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு பேருக்கும் வாங்காதீர்கள். ஞாயிறை விட்டுவிட்டு வாரநாளில் போக முடிந்தால் பெரும்பாலும் ஒருவருக்குக்கூட வாங்க வேண்டியிருக்காது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்த வரிசை எப்படி நகர்கிறது என்பது தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நான் மண்டபத்துக்காரன். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். கிணற்று விளிம்பில் ஏறி நின்று ஒருவர் வாளியை இறக்கி இறைத்து, கீழே நிற்பவர் தலையில் ஊற்றுவார். ஆடி அமாவாசை அன்றைக்குக் கூட்டம் பிராகாரத்தைச் சுற்றி நெரியும். கிணறு ஒன்று, வாளி ஒன்று, இறைக்கிற கை ஒன்று. நிமிஷத்துக்கு எத்தனை வாளி மேலே வருகிறதோ அவ்வளவு பேர்தான் நனைய முடியும். கூடக் காசு கொடுத்தவருக்காக வாளி வேகமாக மேலே வராது. அடுத்த வாளி யார் தலையில் என்பது மட்டும்தான் மாறும். பூங்காவில் ஏறிச் சுற்றுகிற ரைடும் அப்படியே. வண்டியில் எத்தனை சீட்டு, மணிக்கு எத்தனை வண்டி கிளம்புகிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த ரைடின் கொள்ளளவு. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டால் அதில் ஒரு சீட்டுக்கூடக் கூடுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. 20 பேர் ஏறுகிற வண்டி, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று கிளம்புகிறது என்றால் மணிக்கு 600 பேர். சாதா வரிசையில் 200 பேர் நிற்கிறார்கள், எக்ஸ்பிரஸ் வரிசையில் யாருமே இல்லை என்றால் கடைசி ஆள் 20 நிமிஷத்தில் ஏறிவிடுவார். இப்போது எக்ஸ்பிரஸில் ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு நான்கு சீட்டிலும் மூன்றை அவர்களுக்கு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதா வரிசைக்கு மணிக்கு 150 சீட்டுதான் மிச்சம். அதே 200 பேர் வரிசையில் கடைசி ஆளுக்கு 80 நிமிஷம். வரிசையின் நீளம் அதேதான், நிற்கிறவருக்கு ஒன்றே கால் மணிக்கும் மேலே ஆகிறது. அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸில் 45 பேர் நின்றால் ஆறே நிமிஷத்தில் ஏறிவிடுவார்கள். ஆனால் டிக்கெட்டைக் கண்டபடி விற்று அங்கேயும் 450 பேர் நின்றால்? காசு கொடுத்தவருக்கும் ஒரு மணி நேரம்தான்.

அதாவது, குறைவான பேர் வைத்திருக்கும்வரைதான் இந்த டிக்கெட்டுக்கு மதிப்பு. அதனால்தான் நாளுக்கு இத்தனை என்று அளவு வைத்து விற்கிறார்கள், கூட்ட நாளில் விலையை ஏற்றுகிறார்கள், சில நாள் தீர்ந்துபோய் வாசலில் கிடைப்பதே இல்லை.

எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த கதையும் உண்டு. டிஸ்னி நிறுவனம் 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இலவசம். ரைடு வாசலில் இருக்கிற மெஷினில் நுழைவுச் சீட்டைச் செருகினால் திரும்பி வர வேண்டிய நேரம் அச்சடித்த துண்டுச்சீட்டு வரும், அந்த நேரத்தில் வந்தால் நேராக உள்ளே போகலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் துண்டுச்சீட்டை வாங்கிய ஆள் அந்த நேரம் வரும்வரை சும்மாவா இருப்பார்? பக்கத்து ரைடு வரிசையில் போய் நின்றார். ஒரே ஆள் இரண்டு வரிசையில் இடம் பிடித்த மாதிரி ஆயிற்று, மற்ற வரிசைகள் நீண்டன. கடைசியில் 2021-ல் இலவசத்தை நிறுத்திவிட்டு அமெரிக்கப் பூங்காக்களில் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அங்கே அதற்கு லைட்னிங் லேன் என்று பெயர்.

நான் வளைகுடா நாட்டில் ஒரு பூங்காவில் ஒன்பது வருஷம் ரைடு ஆபரேட்டராக இருந்தேன். இரண்டு வரிசையும் வந்து சேரும் இடத்தில் ஒரு சங்கிலி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்தான் யார் முதலில் என்று முடிவு செய்வான். இடது கையில் சங்கிலி, வலது கையில் ஆள் எண்ணுகிற கிளிக்கர். காசு வரிசையில் 12, சாதா வரிசையில் 4 என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மலையாளி அப்பா, தோளில் தூங்கிப்போன பெண் பிள்ளை, பக்கத்தில் மூத்தவன், சங்கிலிக்கு நேர் எதிரே வந்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அவர்கள் முறை வரும்போது காசு வரிசையில் பன்னிரண்டு பேர் வந்தார்கள், விட்டேன். வண்டி கிளம்பியது. அடுத்த பன்னிரண்டு பேர் வந்தார்கள், மேலாளர் கண்ணைக் காட்டினார், அவர்களையும் விட்டேன். அந்த வண்டி போய்த் திரும்புவதற்குள் காற்று கூடிப்போய் ரைடை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவன் தலையைத் தடவிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். இன்றைக்கும் அது என் மனசை அறுக்கிறது. டிக்கெட் வாங்குவது தப்பு என்று இதைச் சொல்லவில்லை. நீங்கள் மிச்சம் பிடிக்கிற நேரம் வானத்திலிருந்து வருவதில்லை, இன்னொருவர் நின்ற நேரத்திலிருந்துதான் வருகிறது, அது தெரிந்து வாங்குங்கள். அதே டிக்கெட்டைத் தேவையில்லாத நாளில் வாங்கினால் உங்கள் காசும் சேர்ந்து வீண்.

சரி, உங்கள் குடும்பத்துக்கு வருவோம்.

முதலில் உயரத்தைப் பாருங்கள், அதுதான் பாதிக் கணக்கைத் தீர்க்கும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்குக் குறைந்தது 102 செ.மீ. வேண்டும், ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைடுக்கு 107, மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. உங்கள் மகள் 105. பெரிய ரைடுகளில் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் மட்டும் பெரியவர் ஒருவரோடு ஏறலாம், அதுவும் இருட்டும் சத்தமுமாக இருக்கும், ஐந்து வயதுப் பிள்ளை மிரளலாம். மற்ற மூன்றிலும் அவளை ஏற்ற மாட்டார்கள், எக்ஸ்பிரஸ் இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். உம்மாவுக்கு முட்டுவலி என்கிறீர்கள், குலுக்கித் தூக்கிப் போடுகிற எதிலும் அவரை உட்கார வைக்காதீர்கள். மகளோடும் உம்மாவோடும் நீங்களோ கணவரோ இருந்துதான் ஆக வேண்டும். அப்படியானால் ஒரு நேரத்தில் பெரிய ரைடுக்குப் போவது மகனும் அவனோடு ஒரு பெரியவரும், மிஞ்சினால் தம்பியும். வாங்குவதானாலும் இரண்டு, இல்லை மூன்று பேருக்கு வாங்கினால் போதும். எக்ஸ்பிரஸ் ஆளுக்கு ஒன்றுதான், குடும்பம் மொத்தமும் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உம்மாவுக்கு எக்ஸ்பிரஸைவிடச் சக்கர நாற்காலிதான் உதவும். உள்ளே வாடகைக்குக் கிடைக்கும். நடக்க முடிகிறவர்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்த வெயிலில் நாள் முழுக்க நடப்பது சின்ன விஷயமில்லை.

அடுத்தது கிழமை. சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களுக்கு நடுவருட லீவு மே கடைசியில்தான் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும். நமக்கு மே முழுக்க லீவு. ஆகவே மே மாதம் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ போனால் அங்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். மே தினம், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள் மூன்றும் அங்கே அரசு விடுமுறை, அவற்றையும் அவற்றை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். தம்பி ஒரு வாரநாள் லீவு போட முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தையும் எக்ஸ்பிரஸ் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மிச்சம் என்று தெரிந்துவிடும். லீவே கிடைக்காது என்றால், நீங்கள் ஐந்து பேர் வாரநாளில் பூங்காவுக்குப் போய்விட்டு ஞாயிறை அவரோடு வேறு எங்காவது கழிப்பது நல்லது என்பேன். ஆனால் மாமாவோடுதான் போவேன் என்று மகன் அடம்பிடித்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம்.

ஞாயிறுதான் என்று முடிவானால் கணவர், மகன், தம்பி மூவருக்கும் ஏறுகிற ரைடைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வகை உண்டு. சாதாரண எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு தடவை. அன்லிமிடெட் என்பது எத்தனை தடவை வேண்டுமானாலும். முதல் வகை போதும். மகன் ஏறக்கூடிய பெரிய ரைடு நாலைந்துதான், ஒரே ரைடில் மூன்று தடவை ஏறுவதற்காக அவ்வளவு காசு வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் தம்பியிடம் ஒரு வேலை கொடுங்கள். பூங்காவின் ஆப்பில் ஒவ்வொரு ரைடுக்கும் எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று காட்டும். நீங்கள் போகப்போகிற கிழமையிலேயே, இரண்டு வாரம், காலை 11, மதியம் 2, சாயங்காலம் 4 மணிக்கு அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிய ரைடுகள் அரைமணிக்குள் இருந்தால் வேண்டாம். மூன்று நான்கு ரைடு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வாங்கலாம். நடுவில் இருந்தால் காலையில் கதவு திறப்பதற்கு அரைமணி முன்னால் போய் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் நேராக உள்ளே நடந்து பேட்டில்ஸ்டார், மம்மி இரண்டையும் முடித்துவிடலாம். பேட்டில்ஸ்டாரை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015-ல் அதைத் திரும்பத் திறந்தபோது நாலு பேர் உட்காரும் இருக்கைக்குப் பதில் இரண்டு பேர் உட்காருவதை மாட்டினார்கள், கொள்ளளவு குறைந்தால் வரிசை சீக்கிரம் தேங்கும்.

காசில்லாத வழிகளும் இருக்கின்றன, இவற்றைத்தான் நம்மாட்கள் கேட்பதே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்றவற்றில் தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு. மூன்று பேர் வந்து நாலாவது சீட்டு காலியாக இருந்தால் அதில் உங்களில் ஒருவரை உட்கார வைப்பார்கள். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது, ஆனால் பல நேரம் பாதி நேரத்தில் வேலை முடியும். 11 வயதுப் பையன், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காரக் கூச்சப்படாதவன் என்றால் அனுப்பலாம். இன்னொன்று, சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கான மாற்று முறை: ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருப்பார், அப்புறம் மறுபடி வரிசை நிற்காமல் அவர் ஏறலாம். இதை வரிசையில் நுழையும் முன்பே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்க வேண்டும், பாதியில் கேட்டால் நடக்காது.

மழையை மறந்துவிடாதீர்கள். அங்கே மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும், இடி இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவரும் நிற்கத்தான் வேண்டும். வெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாதிரி கூரைக்குள் இருப்பதை மதியத்துக்கு வையுங்கள்.

இதே கேள்வியை நம் நாட்டு வொண்டர்லா பூங்காக்களில் எக்ஸ்பிரஸ் மாதிரி விற்கிற ஃபாஸ்ட்ராக் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கொச்சியோ பெங்களூரோ, கணக்கு இதேதான். அலைக்குளத்துக்கு வரிசையே இல்லை, பிள்ளைகள் பாதி நாளை அதில்தான் கழிப்பார்கள் என்றால் ஃபாஸ்ட்ராக் எதற்கு? கல்லூரிக் கூட்டம் வருகிற சனி, ஞாயிறில், உயர ரைடுகளுக்காகவே போகிற இளவட்டங்களுக்கு அது பிரயோஜனப்படும்.

கடைசியாக ஒன்று, சகோதரி. புறப்படுகிற வாரத்தில் மகளைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி இன்னொரு முறை அளந்து பாருங்கள். இந்த வயதில் சட்டென்று வளர்வார்கள். 107-ஐத் தொட்டிருந்தால் ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைடு அவளுக்கும் திறந்துவிடும், அப்படியானால் எல்லோருக்கும் மாற்றுத் துணி ஒரு செட் பையில் இருக்கட்டும், அதில் நனையாமல் இறங்க முடியாது.