தைராய்டு மாத்திரையின் அளவு மாறிய பின் வரும் ரிப்போர்ட்: கேள்வி பதில்

கேள்வி: மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கி இருபது நாளாகிறது, டாக்டர். பொறுக்காமல் ரத்தம் கொடுத்துவிட்டேன். 11 இருந்த டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) 7-க்குத்தான் இறங்கியிருக்கிறது. 100 ஆக்கிவிடலாமா?

பதில்: கூடாது. உங்கள் மாத்திரையில் இருக்கும் தைராக்சின் ஹார்மோனின் அரை ஆயுள் (அதில் பாதி உடம்பிலிருந்து குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ 7 நாள். புதிய அளவு ரத்தத்தில் நிலைபெறவே ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து டி.எஸ்.எச். சுரப்பைக் குறைப்பதும் மெதுவாகத்தான் நடக்கும். 6 முதல் 8 வாரம் கழித்து வரச் சொல்வது இதனால்தான். உங்கள் எண் இறங்குமுகத்தில் இருக்கிறது. எங்கே போய் நிற்கும் என்று இப்போது சொல்ல முடியாது. இந்த நிலையில் மீண்டும் ஏற்றினால் இரண்டு மாதம் கழித்துப் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை என்று வந்து நிற்பீர்கள். 75-ஐயே தொடருங்கள்.

கேள்வி: ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராக்சின்) சரியாக இருக்கிறது, டி.எஸ்.எச். மட்டும் 14. லேப் தவறு செய்திருக்குமா?

பதில்: லேபைக் குறை சொல்லுமுன், போன மாதம் எத்தனை மாத்திரை விட்டுப்போயின என்று எண்ணிப் பாருங்கள். வாரக்கணக்கில் விட்டுவிட்டுச் சாப்பிட்டு, பரிசோதனை நெருங்கும்போது மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களிடம் இந்த ரிப்போர்ட்டை அடிக்கடி பார்க்கிறோம். டி4 சில நாட்களில் ஏறிவிடும். டி.எஸ்.எச். அவ்வளவு சீக்கிரம் இறங்காது. (மருத்துவரிடம் மறைக்கலாம், அதனிடம் முடியாது.) அளவை அண்மையில்தான் கூட்டினார்கள் என்றாலும் சில வாரங்களுக்கு இப்படியே இருக்கும். இன்னொன்று: மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு டி4 சற்று உயர்ந்து காட்டும். பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள்.

கேள்வி: காலைக் காபியோடுதான் மாத்திரை சாப்பிடுகிறேன். அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், எண் இறங்கவில்லை.

பதில்: காபியைத் தள்ளி வையுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். பழக்கத்தை மாற்றும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கூட்டிய அளவு முழுவதும் உடம்பில் சேரத் தொடங்கினால் அதைக் குறைக்க வேண்டிவரலாம்.

கேள்வி: டி.எஸ்.எச். 0.1, ஃப்ரீ டி4 அதிகம். ஆனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முடி உதிர்வதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறேன்.

பதில்: கடைசி வரியைச் சொன்னீர்களே, நல்லது. பல லேப் இயந்திரங்கள் பயோட்டினைப் பயன்படுத்தியே அளக்கின்றன. அதை அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டலாம். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அப்போதும் 0.1 என்றால் உங்கள் தைராக்சின் மாத்திரையின் அளவு அதிகம் என்றே பொருள். தொந்தரவு இல்லை என்று விட்டுவிடக் கூடாது. வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

கேள்வி: அம்மாவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் டி4 சரியாகிவிட்டது. டி.எஸ்.எச். இன்னும் 0.01-லேயே நிற்கிறதே, ஐயா?

பதில்: நிற்கட்டும். நெடுநாள் அடங்கிக் கிடந்த டி.எஸ்.எச். எழுந்திருக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். இந்தக் கட்டத்தில் டி4, டி3 (இன்னொரு தைராய்டு ஹார்மோன்) இரண்டையும் பார்த்துத்தான் அளவை முடிவு செய்வார்கள். ஆனால் கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய், வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தைராக்சின் அளவு மாற்றிய பிறகு கர்ப்பம் உறுதியானது. அடுத்த பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருக்கிறது.

பதில்: இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவரை அழையுங்கள். கர்ப்பத்தில் தைராக்சின் தேவை 25 முதல் 30 சதவீதம் வரை கூடும். பாதிக் கர்ப்பக் காலம் வரை 4 வாரத்துக்கு ஒரு முறை பரிசோதனை, டி.எஸ்.எச். 2.5-க்குள் இருப்பது நல்லது. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.