அந்த 'ஹேட்'டைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

தம்பி, வெளிநாடு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆபீஸில் ஆங்கிலம் பேசும்போது 'ஐ ஸா' (saw), 'ஐ ஹேவ் சீன்' (have seen), 'ஐ ஹேட் சீன்' (had seen) மூன்றில் எது என்று திணறுகிறேன், எந்த ஆப் நல்லது, கோச்சிங் சேரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆப், கோச்சிங் எல்லாம் உங்கள் இஷ்டம். எங்கே போனாலும் பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணையைத்தான் நீட்டுவார்கள். அதைத் தலைகீழாக ஒப்பித்துவிட்டு, வாயைத் திறந்தால் 'ஐ ஹேட் கம் எஸ்டர்டே' என்கிற நம் ஆட்கள் இருபது வருடமானாலும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 'ஹேட்'. தமிழில் 'நேற்று அவர் வந்திருந்தார்' என்போம். வந்தார், போய்விட்டார், அவ்வளவுதான். அந்த 'இருந்தார்'தான் ஆங்கிலத்தில் 'ஹேட்' ஆக நுழைகிறது. சிலருக்கு அது கூடுதல் மரியாதை போலவும் படுகிறது. ஆனால் 'ஐ ஹேட் சென்ட் த மெயில்' என்று நிறுத்தினால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பவர் காத்திருப்பார். 'ஐ சென்ட் த மெயில் எஸ்டர்டே' போதும். கடந்த காலத்தில் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால்தான் 'ஹேட்'.

இந்த மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'வென் ஷீ கேம், ஐ லெஃப்ட்': அவர் வந்தார், பிறகு நீங்கள் கிளம்பினீர்கள், அவர் வந்ததால்தான் கிளம்பினீர்களோ என்றுகூட நினைப்பார்கள். 'ஐ வாஸ் லீவிங்': அவர் வரும்போது நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். 'ஐ ஹேட் லெஃப்ட்': இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று முன்பின் சொல்லும் வார்த்தை ஏற்கெனவே இருந்தால் பெரும்பாலும் 'ஹேட்' இல்லாமலே ஒப்பேறும்.

அடுத்தது 'ஹேவ்'. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ', 'இன் 2022' என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் வந்துவிட்டால் 'ஹேவ்' கூடாது. 'வென்' என்று எப்போது நடந்தது என்பதைக் கேட்டாலும் அப்படித்தான்: 'வென் டிட் யூ கம்?' பேச்சு ஓடும் விதத்தையும் கவனியுங்கள். 'ஹேவ் யூ யூஸ்ட் திஸ் சாஃப்ட்வேர்?' என்று கேட்டால், 'யெஸ், ஐ ஹேவ். ஐ யூஸ்ட் இட் இன் மை லாஸ்ட் ஜாப்' என்பார்கள். அனுபவம் உண்டா என்பது 'ஹேவ்'வில் தொடங்கும். எங்கே, எப்போது என்ற விவரத்துக்கு வந்ததும் 'ஐ யூஸ்ட்' போன்ற சிம்பிள் பாஸ்டுக்கு (சாதாரண இறந்தகாலத்துக்கு) இறங்கிவிடும். நம் ஆட்கள் அந்த இரண்டாவது வரியிலும் 'ஹேவ்'வை இழுத்துக்கொண்டு போவார்கள்.

இலக்கணம் பிசகினால் யாரும் சிரிக்கப் போவதில்லை. ஆனால் அர்த்தம் மாறினால் இழப்பு உங்களுக்குத்தான். இன்டர்வியூவில் 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா? 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று சொல்லுங்கள். '2021லிருந்து வேலை செய்கிறேன்' என்ற தமிழ் வாடையில் வரும் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2021' தவறு. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021'. டாக்டரிடம் 'ஐ ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார். விடவில்லை என்றால் 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்'. 'ஹேவ் ஹேட்' அடுத்தடுத்து வருகிறதே என்று பயந்து ஒன்றை விழுங்காதீர்கள்.

விசா படிவத்தில் 'ஹேவ் யூ எவர் பீன் ரெஃப்யூஸ்ட் எ விசா?' என்று இருந்தால், அது இந்த வருடத்தை மட்டும் கேட்கவில்லை; பிறந்ததிலிருந்து இன்றுவரை கேட்கிறது. பழைய மறுப்பு ஒன்று இருந்தும் 'நோ' போட்டால் அது பொய்த் தகவலாகிவிடும்.

'ஹி ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. போய் வந்தவருக்கு 'ஹி ஹேஸ் பீன் டு லண்டன்'.

அமெரிக்கர்கள் 'டிட் யூ ஈட் ஆல்ரெடி?' என்று சாதாரணமாகக் கேட்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பார்கள். அதில் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் சிலர் பேச்சுவழக்கில் 'ஐ சீன் இட்', 'ஐ டன் இட்' என்பதைக் கேட்டுவிட்டு ஆபீஸ் மெயிலில் எழுதாதீர்கள். அவர்கள் எழுதினால் வட்டார வழக்கு. நாம் எழுதினால் இங்கிலீஷ் தெரியாதவன். அநியாயம்தான், நடப்பு அதுதான்.

கடைசியாக ஒன்று. 'டிட்' வந்தால் வினைச்சொல் மாறாது: 'டிட் நாட் கோ', ஒருபோதும் 'டிட் நாட் வென்ட்' இல்லை. 'இ', 'டி' (ed) என்ற எழுத்துகளில் முடிகிற இறந்தகாலச் சொற்களுக்கு மூன்று ஒலி உண்டு: 'வொர்க்ட்' என்பதில் வல்லொலி (t), 'லிவ்ட்' என்பதில் மெல்லொலி (d). t அல்லது d ஒலியில் முடியும் 'வான்ட்', 'நீட்' போன்றவற்றுக்கு மட்டுமே தனி அசை: 'வான்டிட்', 'நீடிட்'. 'வொர்க்கெட்' வேண்டவே வேண்டாம். 'ஐ ஹேவ்' பேச்சில் 'ஐவ்' ஆகச் சுருங்கி, அந்த 'வ்' பாதி நேரம் காதிலேயே விழாது. போனில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் 'சின்ஸ்' இருக்கிறதா, 'அகோ' இருக்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.