இலுப்பை எண்ணெய்: மரச்செக்கா, எக்ஸ்பெல்லரா?

கேள்வி: எங்கள் தோட்டத்து இலுப்பைக் கொட்டையைப் போன ஆடியில் மரச்செக்கில் ஆட்டினோம். சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிட்டது, கசப்பும் அதிகம். எக்ஸ்பெல்லர் என்ற திருகு இயந்திரத்தில் ஆட்டினால் எண்ணெய் கூடுதலாக வரும், கெடாது என்கிறார்கள். மாறலாமா?

பதில்: கூடுதலாக வரும் என்பது சரி. இலுப்பைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். மரச்செக்குப் பிண்ணாக்கில் தங்கிவிடும் எண்ணெயில் ஒரு பகுதியை எக்ஸ்பெல்லர் பிழிந்துவிடும். ஆனால் கெடாது என்பதை நம்பாதீர்கள்.

இலுப்பை எண்ணெய் இயல்பில் சட்டென்று கெடுகிற எண்ணெய் இல்லை. ஒலிக், பால்மிடிக், ஸ்டீரிக் அமிலங்களே அதில் மிகுதி. காற்று பட்டுக் கெடுவதைவிட, ஈரத்தால் கெடுவதுதான் அதிகம். பழம் ஈரத்தரையில் கிடந்தாலோ, காயாத கொட்டையை மூட்டை கட்டினாலோ விதையிலுள்ள லிபேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிளக்க ஆரம்பித்துவிடும். அப்படி உண்டாகும் தனிக் கொழுப்பு அமிலம் 20 சதவீதம் வரை போவதுண்டு. அப்புறம் எந்தச் செக்கில் போட்டாலும் அந்த எண்ணெய் தேறாது. உங்கள் எண்ணெயும் பெரும்பாலும் செக்குக்குப் போகும் முன்பே கெட்டிருக்கும்.

அதனால் பழம் விழுந்த ஓரிரு நாளில் பொறுக்கி, சதையை நீக்கி, ஓட்டை உடைத்து, பருப்பை நொறுங்கும் பதத்துக்குக் காயவையுங்கள்.

கசப்பு வேறு விஷயம். அதற்குக் காரணமான சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் எண்ணெயில் கரையாது. பிண்ணாக்குத் தூளோடும் நீரோடும் வருகிறது. செக்கில் தண்ணீர் தெளித்து ஆட்டினால் இரண்டும் சேரும். தெளிக்காமல் ஆட்டச் சொல்லுங்கள். சில நாள் தெளியவிட்டு, வண்டலைக் கலக்காமல் இறுத்துத் துணியில் வடிகட்டினால் கசப்பு நன்றாகவே குறையும்.

எக்ஸ்பெல்லரில் உராய்வுச் சூடு அதிகம். எண்ணெய் கருக்கும், பிசினும் சேரும். சோப்புக்கு அது போதும். விளக்குக்கும் தலைக்கும் என்றால் மரச்செக்கையே விடாதீர்கள். ஹெக்சேன் என்ற கரைப்பானில் எண்ணெயைக் கரைத்தெடுப்பது ஆலை வேலை. பிண்ணாக்கில் 1 சதவீதம்கூட மிஞ்சாது, ஆனால் அந்த எண்ணெயைச் சுத்திகரித்தே தீர வேண்டும்.

மார்கழிக் குளிரில் எண்ணெய் கெட்டியானால் கலப்படமோ என்று பயப்பட வேண்டாம், அது இலுப்பையின் குணம். பிண்ணாக்கில் சப்போனின் இருப்பதால் அதை மாட்டுக்கு வைக்காதீர்கள். குளத்தில் கரைந்தால் மீனையும் கொன்றுவிடும்.